இரண்டு மார்க் ஹேபர்லாண்ட்

மலர்க் குழுவில் இருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் ஞாபகங்களை எழுதட்டுமா என்று கேட்டேன். அதற்கு ஏற்கெனவே பதினோரு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டுமே நாலு கட்டுரை வந்திருக்கிறதாம். பாடம் சம்பந்தமாக யாருமே எழுதவில்லை, நீங்கள் தாவரவியல்காரர்தானே, ஏதாவது ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுங்கள், இப்போது படிக்கிற பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். யாரை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஒருவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அது என்ன கடன் என்பதைக் கட்டுரையின் கடைசியில்தான் சொல்லப்போகிறேன். முதலிலேயே சொன்னால் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

தாவரவியல் படித்த எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். திசு வளர்ப்பின் தந்தை யார்? காட்லிப் ஹேபர்லாண்ட், 1902. இரண்டு மார்க். நானும் எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதியிருப்பீர்கள். 1902ல் அவர் என்ன செய்தார் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம். ஏனென்றால் 1902ல் அவர் செய்த சோதனை தோல்வியில் முடிந்தது. பெயர் நிலைத்திருப்பதே அந்தத் தோல்விக்காகத்தான்.

அவர் பிறந்தது 1854 நவம்பர் 28. ஊர், இன்றைய ஹங்கேரியில் உள்ள மோஷோன்மட்யாரோவார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் பகுதி. தந்தை ஃபிரடெரிக் ஹேபர்லாண்ட் விவசாயப் பேராசிரியர். 1873ல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியில் கிழக்காசிய நாடுகள் வைத்திருந்த சோயா விதைகளைப் பார்த்து, வாங்கிவந்து, ஐரோப்பிய மண்ணில் விளையுமா என்று வருஷக்கணக்காகப் போட்டுப் பார்த்தவர். விதையைப் பொட்டலம் கட்டி ஊர் ஊராக விவசாயிகளுக்கு அனுப்பினார். சோயாவைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அது வெளிவந்த 1878லேயே இறந்தும் போனார். மகனுக்கு அப்போது 23 வயது. காட்லிபின் தம்பி மிகாயேல் சமஸ்கிருதம் படித்துவிட்டு, பிறகு நாட்டார் கலைப்பொருள்களைச் சேகரிக்கப் போனவர். வியன்னாவில் அதற்கென்று ஓர் அருங்காட்சியகத்தையே உண்டாக்கினார். வீட்டில் மூன்று பேரும் மூன்று திசை என்றாலும், அடுத்தவன் கவனிக்காத பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிற குணம் மூவருக்கும் பொது.

வியன்னாவில் 1876ல் டாக்டர் பட்டம். பிறகு ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகருக்குப் போய் ஷ்வெண்டனர் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். ஷ்வெண்டனர் தாவரத்தின் தண்டை ஓர் இஞ்சினியர் பாலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தவர்: இந்த நார் ஏன் இங்கே இருக்கிறது, எந்தச் சுமையைத் தாங்குகிறது? இந்தப் பார்வையை ஹேபர்லாண்ட் செடியின் எல்லாத் திசுக்களுக்கும் விரித்தார். கிராட்ஸ் நகரில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1884ல், செயலை வைத்துத் தாவர உள்ளமைப்பை விளக்கும் பெரிய நூலை வெளியிட்டார். அதுவரை திசுக்களை உருவத்தை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் வேலையை வைத்துப் பிரித்தார். மூடுகிற திசு, தாங்குகிற திசு, கடத்துகிற திசு, சேமிக்கிற திசு என்று. இந்தக் கருத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கரும்பு இலையையும் மக்காச்சோள இலையையும் குறுக்குவெட்டாக வெட்டி ரெக்கார்டு நோட்டில் படம் போட்டோமே, நரம்பைச் சுற்றி மாலை கோத்தமாதிரி செல்கள் நிற்குமே, அதற்குக் கிரான்ஸ் என்று பெயர் வைத்தவர் இவர்தான். ஜெர்மன் மொழியில் மாலை, வளையம் என்று அர்த்தம். அந்த மாலை எதற்காக என்பது உலகத்துக்குப் புரிய 1960களில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் வந்து சி4 ஒளிச்சேர்க்கையை விளக்க வேண்டியிருந்தது. இலை ஓரத்தில் காலையில் நீர்த்துளி நிற்கிறதே, அந்த வாய்களுக்கு ஹைடதோடு என்று பெயரிட்டவரும் இவரே. வேர் எப்படிக் கீழ்நோக்கிப் போகவேண்டும் என்று தெரிந்துகொள்கிறது? வேர்நுனிச் செல்லுக்குள் இருக்கும் மாவுமணிகள் கனத்தால் அடியில் போய் உட்காருவதை வைத்து என்று 1900ல் சொன்னார். அதே வருஷம் பிராகில் நேமெட்ஸ் என்பவரும் தனியாக அதையே சொன்னார். இன்றும் பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம் அது.

தப்பாகப் போனதும் உண்டு. தொட்டாற்சுருங்கியைப் பற்றி 1890ல் ஒரு நூல் எழுதினார். தொட்ட சேதி, ஃபுளோயத்தில் உள்ள குழாய்ச் செல்களில் நீரழுத்தமாக ஓடுகிறது என்பது அவர் வாதம். நம் ஜகதீச சந்திர போஸ் அதை மறுத்து, ஓடுவது மின் துடிப்பு என்று கருவி வைத்துக் காட்டினார். அந்த வழக்கில் போஸ் பக்கம்தான் காற்று அடித்தது. இலையின் மேல்தோல் செல்கள் கண்ணாடி வில்லையைப்போல ஒளியைக் குவிக்கின்றன, செடிக்கு அதுவே கண் என்றும் ஹேபர்லாண்ட் சொன்னார். அது நிலைக்கவில்லை. செடிக்கும் புலன் உண்டு என்று மனசார நம்பிய மனிதர். அந்த நம்பிக்கை சில இடங்களில் அவரைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்பது என் அபிப்பிராயம்.

1891-92ல் கப்பலேறி ஜாவாவுக்கு வந்தார். பாய்டன்சோர்க் தாவரவியல் தோட்டம், இன்றைய போகோர். வெப்பநாட்டுத் தாவரங்களை அங்கே இருந்து படித்துவிட்டுப்போய் ஒரு பயணநூல் எழுதினார். கிராட்ஸ் பனியில் வளர்ந்த கண்ணுக்கு அந்த மழைக்காடு எப்படி இருந்திருக்கும்! தென்னந்தோப்பையும் கட்டாயம் பார்த்திருப்பார். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது 1902க்கு வருவோம்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு செடி கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு செல்லிலிருந்து பிறந்தது. அப்படியானால் ஒரு செல்லை மட்டும் தனியே பிரித்து, சோறு தண்ணீர் கொடுத்தால், அது தனியாகப் பிழைக்குமா? பெருகுமா? முழுச் செடியாகவே ஆகுமா? நாம் டோட்டிபொடென்சி என்று மனப்பாடம் செய்த முழு ஆக்குத்திறன் என்கிற எண்ணம் இதுதான்.

லேமியம் என்ற துளசிக் குடும்பத்துக் களைச்செடியின் இலையிலிருந்து பச்சைச் செல்களைப் பிய்த்தெடுத்தார். பச்சைச் செல் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும், ஆகவே பிழைக்க வாய்ப்பு அதிகம் என்பது கணக்கு. டிரடெஸ்கான்சியா பூவின் மகரந்தத்தாள் ரோமம், பல்மொனேரியாவின் சுரப்பி ரோமம் என்று வேறு சிலவும் எடுத்தார். அந்தப் பட்டியலில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரும் உண்டு. குளம் குட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு கிடக்கிற ஆகாயத்தாமரைதான்! அதன் இலைக்காம்பின் உள்ளே இருக்கும் சோற்றுப்பகுதிச் செல்கள். க்னாப் உப்புக்கரைசலில் சர்க்கரை, அஸ்பராஜின், பெப்டோன் எல்லாம் கலந்து அதில் இவற்றை விட்டார்.

செல்கள் சாகவில்லை. சில ஒரு மாதம்வரை உயிரோடு இருந்தன. பெருத்தன. சுவர் தடித்தது. உள்ளே மாவுமணி சேர்ந்தது. ஆனால் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை.

ஏன் என்று இன்று நம் இளநிலை மாணவர்கூடச் சொல்லிவிடுவார். எடுத்தவை எல்லாம் வளர்ந்து முடிந்து, தனக்கென்று ஒரு வேலையை ஏற்றுக்கொண்ட முதிர்ந்த செல்கள். அவற்றைத் திரும்பப் பிரியவைக்க ஹார்மோன் வேண்டும். ஆக்சினை வென்ட் பிரித்துக் காட்டியது 1920களின் பிற்பாதியில். சைட்டோகைனின் வந்தது 1955ல். பூட்டின் முன்னால் அவர் நின்றபோது சாவி இன்னும் செய்யப்படவே இல்லை.

ஆனாலும் அவர் அதை வியன்னா அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் அச்சுக்குக் கொடுத்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம். அப்போது வயது 47. பல்கலைக்கழகப் பேராசிரியர், தோட்டத்தின் இயக்குநர், ஐரோப்பா முழுக்கப் படிக்கும் பாடநூலின் ஆசிரியர். செல் பிரியவே இல்லை என்று எழுத அவருக்கு என்ன தலையெழுத்து? மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடியிருக்கலாம். அவரோ என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று வரிசையாக எழுதிவிட்டு, அடுத்து வருகிறவர் எங்கே தட்டிப்பார்க்கலாம் என்றும் சொன்னார். வளரும் நுனிகளின் சாற்றைச் சேர்த்துப் பாருங்கள், கருப்பைத் திரவத்தைச் சேர்த்துப் பாருங்கள், அதில் பிரியத் தூண்டும் பொருள் இருக்கலாம். உடற்செல்லிலிருந்தே செயற்கையாகக் கருவை வளர்த்துவிட முடியும் என்று அவர் எதிர்பார்த்தார்.

கருப்பைத் திரவம் என்றால் என்ன? நம் ஊரில் அது ஓலைக்கொட்டகை நிழலில் அடுக்கி விற்கிறது. இளநீர் என்பது தென்னையின் திரவ நிலைக் கருவூண் திசுதான். 1941ல் வான் ஓவர்பீக் அமெரிக்காவில் ஊமத்தையின் இளங்கருவை இளநீர் ஊற்றி வளர்த்தார். ஸ்டீவர்ட் அதே இளநீரைக் கொண்டு கேரட் செல்களைப் பெருக்கி, 1958ல் அவற்றிலிருந்து செடியாகும் வரைக்கும் கொண்டுபோனார். 39 வருஷம் கழித்துப் பலித்த யோசனை. ஜாவாவுக்குப் போய்வந்த மனிதர் கிராட்ஸில் ஒரு தேங்காயை வாங்கி உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இது சும்மா ஒரு ஆசைக்குத்தான். இளநீரால் மட்டும் அந்த முதிர்ந்த செல்கள் அசைந்திருக்காது.

1910ல் தன் குரு ஷ்வெண்டனரின் நாற்காலிக்கே பெர்லினுக்குப் போனார். பழைய கேள்வியை விடவில்லை. இந்தத் தடவை தனிச் செல்லை விட்டுவிட்டு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்தார். சின்னஞ்சிறு துண்டு. அதில் கடத்துத்திசு ஒரு கீற்று இருந்தால் செல்கள் பிரிகின்றன, இல்லாவிட்டால் பிரிவதில்லை. ஃபுளோயம் உள்ள துண்டை, அது இல்லாத துண்டின்மேல் நடுவில் மெல்லிய அகார் ஏடு வைத்து ஒட்டினால், அந்தப் பக்கமும் பிரிகிறது. அப்படியானால் ஏதோ ஒரு பொருள் அகாரைத் தாண்டி ஊறுகிறது. பிறகு நூல்கோல் வகையில் ஒன்றை வெட்டி, வெட்டுவாயைத் தண்ணீர்விட்டுக் கழுவினார். பிரிதல் குறைந்தது. அரைத்த திசுவைப் பூசினார். மறுபடி கூடியது. அடிபட்ட செல்லிலிருந்து கசியும் காய ஹார்மோன் என்று 1921ல் எழுதினார். அந்த அகார் ஏடும் தண்ணீர்க் கழுவலும் எனக்கு 1902ஐ விடப் பெரிய காரியமாகப் படுகிறது. சமையலறைச் சாமான்களை வைத்துக்கொண்டே ஹார்மோன் என்ற எண்ணத்தின் வாசல்வரை போய்விட்டார். எந்தப் பாடப்புத்தகமும் இதற்கு அரைப்பக்கம்கூடக் கொடுப்பதில்லை.

அதே 1921ல், இன்ஸ்ப்ருக் நகரில் அவர் மகன் லுட்விக் ஹேபர்லாண்டும் ஹார்மோனைப் பற்றியே எழுதினார். மகன் விலங்குகளின் உடலியல் படித்தவர். கர்ப்பமாக இருக்கும் முயலின் சூலகத்தை வேறொரு முயலுக்குப் பொருத்தினால், அது கொஞ்ச காலத்துக்குக் கருத்தரிப்பதில்லை என்று காட்டினார். பெண்கள் வாயால் சாப்பிடும் மாத்திரையாக இது ஒருநாள் வரும் என்றும் சொன்னார். இன்றைய கருத்தடை மாத்திரைக்கு அவரைத் தாத்தா என்கிறார்கள். வாழ்ந்த நாளில் கிடைத்ததோ வசவுதான். மதம், ஒழுக்கம், அரசியல் எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு. 1932 ஜூலையில், 47 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தந்தைக்கு அப்போது 77. அடுத்த வருஷம் கிழவர் தன் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார்.

ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. அந்த மாத்திரை உண்மையில் உலகச் சந்தைக்கு வந்தது எதனால்? மெக்சிகோ காட்டில் விளையும் ஒருவகைக் கிழங்கால். நம் காட்டுவள்ளிக்கிழங்கின் இனம், டயாஸ்கோரியா. அதிலிருக்கும் டயாஸ்ஜெனினைக் கொண்டு மலிவாகப் பெண் ஹார்மோன் தயாரிக்கலாம் என்று ரஸ்ஸல் மார்க்கர் 1940களில் காட்டினார். 1960ல் அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 1968ல் ஸ்டாபா என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இதே இனத்துக் கிழங்குச்செடியின் செல்களைக் குடுவையில் வளர்த்து, அந்தச் செல்களிலிருந்தே டயாஸ்ஜெனின் எடுத்தார்கள். மகன் கனவு கண்ட மாத்திரைக்கான சரக்கு, தந்தை கனவு கண்ட குடுவையில்! பெரிய தொழிலாக அது வளரவில்லை என்பது வேறு விஷயம். இருவரும் அதைப் பார்க்கவும் இல்லை.

தந்தை இறந்தது 1945 ஜனவரி 30, பெர்லினில். வயது 90. போர் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1939ல், பிரான்சில் கோத்ரேயும் நொபேகூரும், அமெரிக்காவில் ஒயிட்டும் தாவரத் திசுவை முடிவில்லாமல் வளர்த்துக் காட்டியிருந்தார்கள். ஆக, தன் வாழ்நாளிலேயே கதவு திறந்துவிட்டது. ஒரே ஒரு தனிச்செல்லிலிருந்து முழுப் புகையிலைச் செடி வர மட்டும் 1965 ஆயிற்று. வசிலும் ஹில்டிபிராண்டும் செய்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தை மகரந்தப்பையிலிருந்து கருக்களை வளர்த்தது அதற்கு முந்தின வருஷம்.

வாழ்க்கை வரலாறு இத்தோடு சரி. ஆனால் செல் வளர்ப்பு என்றதும் மாணவர்கள் கேட்பது மருந்தைப் பற்றித்தான். காட்டில் மரத்தை வெட்டாமல், வயலில் உழாமல், தொட்டியிலேயே மருந்து விளையுமா? 1956லேயே ஃபைசர் கம்பெனியைச் சேர்ந்த ரூட்டியன், நிக்கல் இருவருக்கும் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உண்மையில் முதல் வியாபார வெற்றி 1983ல் ஜப்பானில். மிட்சுயி பெட்ரோகெமிக்கல், லித்தோஸ்பெர்மம் என்ற செடியின் வேரில் ஊறும் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தைத் தொட்டியில் எடுத்தது. காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் பழைய மருந்து அது. வயலில் அந்த வேர் தேற வருஷக்கணக்காகும், அதிலும் சாயம் ஒன்றிரண்டு சதவீதம்தான். தொட்டியில் மூன்று வாரம் போதும், உலர்ந்த செல்லின் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் சாயம். உதட்டுச்சாயத்தில் போட்டு விற்றார்கள், அமோகமாகப் போனது. அந்தச் செடி, 1902ல் ஹேபர்லாண்ட் ரோமம் பிடுங்கிய பல்மொனேரியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது சும்மா ஒரு கூடுதல் தகவல்.

அவர்கள் கண்டுபிடித்த சூட்சுமம் இரண்டு தொட்டி. முதல் தொட்டியில் செல் பெருகவேண்டும், அவ்வளவுதான், மருந்து கேட்கக்கூடாது. பிறகு அதை வேறு ஊடகத்துக்கு மாற்றவேண்டும். அங்கே அம்மோனியம் கிடையாது, நைட்ரேட் மட்டும். செல் பெருகுவது தணிந்து சாயம் ஊற ஆரம்பிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் செல் கொடுக்காது. டேக்சால் புற்றுநோய் மருந்திலும் இப்படித்தான் பல வருஷம் போராடினார்கள். ஆரம்பத்தில் அது அமெரிக்க யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. பட்டையை உரித்தால் மரம் செத்தது. ஒரு நோயாளிக்கே சில மரங்கள் வேண்டும். பின்னால் 75,000 லிட்டர் வரை கொள்ளும் தொட்டிகளில் யூ செல்லையே வளர்த்து மருந்தெடுத்தார்கள். இதற்காக பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் 2004ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது வாங்கியது.

நித்தியகல்யாணிக்கு மட்டும் இது நடக்கவில்லை. நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று வீட்டுவாசலில் வைக்கக்கூடத் தயங்குவார்கள். அதன் இலையில் வின்பிளாஸ்டின் இருக்கிறது என்று 1958ல் கனடாவில் கண்டுபிடித்தபிறகு, ரத்தப் புற்றுநோய்க்கும் மற்றவற்றுக்கும் அந்தக் குடும்பத்து மருந்துகள் உயிர்காத்தன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் நம் தென்மாவட்டத்துச் செம்மண் மானாவாரியில் நித்தியகல்யாணி பணப்பயிரானது. என் சித்தப்பாவே மூன்று ஏக்கர் போட்டிருந்தார். மூட்டை கட்டி வியாபாரியிடம் கொடுப்பார். எந்த நாட்டுக்குப் போகிறது, யாருக்கு மருந்தாகிறது என்று அவருக்குத் தெரியாது.

இனி என் கடன்.

1987. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷ பிராஜக்ட். நித்தியகல்யாணி இலையிலிருந்து காலஸ் வளர்த்து, அதில் வின்பிளாஸ்டின் இருக்கிறதா என்று பார்ப்பது என் தலைப்பு. சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அப்போ நம்ம வயலுக்கு வேலை இருக்காதா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நம் துறையில் அப்போது லேமினார் ஃப்ளோ கிடையாது. முன்பக்கம் கண்ணாடி போட்ட மரப்பெட்டி, உள்ளே ஸ்பிரிட் விளக்கு. ஆட்டோகிளேவ் ரிப்பேர் என்பதால் பிரஷர் குக்கர். சர்க்கரை, கடைச் சர்க்கரை. இளநீர் வேண்டுமென்றால் லேப் அண்ணாச்சி பின்பக்கத் தென்னையில் ஏறுவார். முதல் 60 டியூபிலும் பூஞ்சை. கறுப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று நிறத்திலும் வந்தது. அடுத்த செட்டில் மெர்க்குரிக் குளோரைடு நேரத்தைக் கூட்டினேன். இலை செத்துப்போச்சு. நாலாவது செட்டில், 2,4-டி போட்ட மீடியத்தில், வெட்டுவாயில் வெளிர்மஞ்சளாகச் சின்னச்சின்ன மணி. காலஸ்! அன்றைக்குச் சாயங்காலம் கான்டீனில் எட்டுப்பேருக்கு வடை வாங்கிக்கொடுத்தேன்.

காலஸைக் காயவைத்து, சாறெடுத்து, டி.எல்.சி. தட்டில் ஓட்டினேன். பக்கத்தில் ஒப்பிட, தேதி முடிந்த ஊசிமருந்து ஒரு சொட்டு. டிராகன்டார்ஃப் தெளித்ததும் ஊசிமருந்து இருந்த இடத்தில் பளிச்சென்று ஆரஞ்சுப் புள்ளி. என் காலஸ் வரிசையில் அதே உயரத்தில் ஒன்றும் இல்லை. வேறு உயரத்தில், கீழே, மங்கலாக ஒன்று. அது வேறு ஏதோ ஆல்கலாய்டு. மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அப்படித்தான்.

ரிப்போர்ட் டைப்பிங்குக்குப் போகவேண்டிய நாள். வின்பிளாஸ்டின் சிறிதளவு காணப்பட்டது என்று எழுதினேன். எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என் கைடு நல்ல மனிதர், தட்டைக் காட்டு என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். மாணவனை நம்பினார், கேட்கவில்லை. எனக்கு வைவாவில் நல்ல மார்க்.

ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என் தட்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. காலஸில் வின்பிளாஸ்டின் இருக்க வழியே இல்லை. அது வின்டோலின், கேத்தரன்தின் என்ற இரண்டு பாதிகள் சேர்ந்து உண்டாவது. இலையில் அந்த வேலை ஒரே செல்லில் நடப்பதில்லை. முதல் படிகள் ஃபுளோயத்தை ஒட்டிய பாரன்கைமா செல்லில், நடுப்படிகள் மேல்தோலில், வின்டோலினின் கடைசிப் படிகள் பால்குழாய்களிலும் இடியோபிளாஸ்ட் என்ற தனிச் செல்களிலும். 1999ல்தான் இது செல் செல்லாகத் தெளிவானது. காலஸ் என்பது எந்த வேலையும் ஏற்றுக்கொள்ளாத செல்களின் கூட்டம். அங்கே மேல்தோலும் இல்லை, பால்குழாயும் இல்லை, எனவே வின்டோலின் இல்லை. பெரிய கம்பெனிகளும் பெரிய பேராசிரியர்களும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். 2022ல் ஈஸ்ட் நுண்ணுயிருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை நுழைத்து அந்த இரண்டு பாதிகளையும் எடுத்துக் காட்டினார்கள். தாவரச் செல்லை அல்ல, ஈஸ்டை வைத்து.

முன்னால் நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். திசு என்பது அது செய்யும் வேலை என்று 1884ல் எழுதியவர் ஹேபர்லாண்ட். 1902ல் அவர் எடுத்த செல்களுக்கு வேலை இருந்தது, அதனால் பெருகமாட்டேன் என்றன. 1987ல் என் செல்கள் பெருகின, அதனால் வேலை செய்யமாட்டேன் என்றன. ஒரே பூட்டின் இரண்டு பக்கம். அவர் தன் பக்கத்தில் நின்று, பூட்டியிருக்கிறது என்று எழுதினார். நான் கொஞ்சம் திறந்திருக்கிறது என்று எழுதினேன். என் மூன்று தட்டையும் உள்ளபடி எழுதி வைத்திருந்தால், எனக்குப் பிறகு நம் துறையில் அதே தலைப்பை எடுத்த இரண்டு ஜூனியர்கள் ஆளுக்கு ஒரு வருஷத்தை வீணாக்கியிருக்க மாட்டார்கள். என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத்தான் எடுத்தார்களாம். அதில் ஒருவரை இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். எனக்கு ஏன் சார் ஸ்பாட்டே வரவில்லை என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பந்தியில் இடம் பிடிப்பதுபோல நழுவிவிட்டேன்.

சித்தப்பா காலமாகிவிட்டார். அந்தச் செம்மண் நிலத்தில் கடைசிவரை நித்தியகல்யாணிதான் போட்டார். தொட்டியிலிருந்து மருந்து வந்து அவர் பிழைப்பைக் கெடுக்கவில்லை.

துறை நூலகத்தில் எங்கள் செட்டு ரிப்போர்ட்டுகள் பச்சை பைண்டிங்கில் மேல் அடுக்கில் இன்னும் இருப்பதாக இப்போதைய மாணவர் ஒருவர் சொன்னார். துறைத்தலைவரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். சந்திப்பு நாளன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், மாடிக்குப் போய் என் ரிப்போர்ட்டின் 41ஆம் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்போகிறேன். மூன்று தட்டு, மூன்றிலும் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கல்யாண வீட்டு ஜூனியர் வருகிறாரா என்று மலர்க் குழுவினர் தெரிந்து சொன்னால் உபகாரமாக இருக்கும். அவரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.